ஏதுப் போலியும் விடைத்தாளும்

ஒரு வாதம் பிழையானது என்று எதைக் கொண்டு தீர்ப்பது? சொன்ன காரணமே பொய் என்பதாலா? காரணம் மெய்யாக இருந்தும் முடிவைத் தாங்க அது போதவில்லை என்பதாலா? வாதிட்டவர் சபை ஒழுங்கை மீறினார் என்பதாலா? கேட்டவர் தன் விருப்பம் இழுத்த பக்கம் சாய்ந்துவிட்டார் என்பதாலா? இந்த நான்கு விடைகளுக்கும் நெடுங்காலமாக ஆள் இருந்து வருகிறது.

கேள்வி இன்று தேர்வு அறைக்குள்ளும் வந்துவிட்டது. சட்டப் படிப்புக்கான கிளாட் 2020 முதல் பத்தியைப் படித்து விடை சொல்லும் முறைக்கு மாறியது. குடிமைப் பணித் தேர்வில் 2011இல் நுழைந்த சிசாட் தாள், பத்தியிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது என்று கேட்கிறது. 1948 முதல் நடக்கும் அமெரிக்க எல்சாட் தேர்வில் ‘இந்த வாதத்தின் குறை எது’ என்பது தனி வகையாகவே பயிற்றுவிக்கப்படுகிறது. 2024 ஆகஸ்டில் எல்சாட் தன் புதிர்ப் பகுதியைக் கைவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு தருக்கப் பகுதியை வைத்ததால் அவ்வகைக் கேள்விக்குக் கனம் கூடியிருக்கிறது. இத்தேர்வுகள் மேற்சொன்ன நான்கு விடைகளில் பெரும்பாலும் இரண்டாவதையே எடுத்துக்கொள்கின்றன. மற்ற மூன்றும் எங்கே போயின, அவற்றோடு சேர்ந்து விட்டுப்போனது என்ன என்பது பார்க்கத்தக்கது.

பார்ப்பதற்குக் காவிரிப் படுகை நல்ல இடம். பிழை வாதங்களைத் தமிழில் முதன்முதலாக விரிவாக வகைப்படுத்திய மணிமேகலைக் காப்பியத்தின் தலைவி புகார்க்காரி. வடமொழித் தருக்க நூல் ஒன்றைத் தமிழாக்கியவர் திருவாவடுதுறை ஆதீனத்து முனிவர். மராட்டிய மன்னர் சகஜி 1693இல் 46 வித்துவான்களைக் குடியமர்த்திய திருவிசநல்லூர் இதே ஆற்றின் கரைதான்.

காஞ்சியில் கேட்ட முப்பத்து மூன்று

மணிமேகலை வஞ்சி நகரில் சமயக்கணக்கர் பலரைக் கேட்கிறாள். அவர்களுள் முதலாமவனான அளவைவாதி, அறிவு பிறக்கும் வழிகள் பத்தையும், அறிவுபோலத் தோன்றி ஏமாற்றும் எட்டையும் சொல்கிறான். ஐயம், திரியக் கோடல், தேராது தெளிதல் முதலான அந்த எட்டும் வாதத்தின் பிழைகள் அல்ல, அறிவதில் நேரும் பிழைகள். வாதப் பிழைகள் வருவது இரண்டு காதை தள்ளி, காஞ்சியில் அறவண அடிகளிடம் அவள் தருமம் கேட்கும் 29ஆம் காதையில்.

அங்கே வாதத்துக்கு மூன்று உறுப்புகள்: நிறுவ வேண்டியதைச் சொல்லும் பக்கம், காரணம் சொல்லும் ஏது, எடுத்துக்காட்டாகிய திட்டாந்தம். நியாய மரபு ஐந்து உறுப்பு சொல்லும். அறவண அடிகள் கடைசி இரண்டையும் திட்டாந்தத்துக்குள் அடக்கிவிடுகிறார். மூன்று உறுப்பிலும் போலி, அதாவது சரியானதுபோலத் தோன்றும் பிழை, உண்டு. பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10, ஆக 33.

இந்த எண்ணிக்கையும் வகைப்பாடும் சங்கரசுவாமி எழுதிய ‘நியாயப் பிரவேசம்’ என்ற பௌத்தத் தருக்க நூலோடு ஒத்துப்போகின்றன. யுவான் சுவாங் 647இல் சீனத்துக்கு மொழிபெயர்த்த நூல் அது. அதன் பின்னணியில் நிற்பவர் திக்நாகர்; அவரும் காஞ்சிப் பக்கத்தவர் என்பது திபெத்திய மரபு.

பதினான்கு ஏதுப் போலிகளும் மூன்று குடும்பங்கள். காரணமே நிலைபெறாதது அசித்தம். காரணம் இரு பக்கமும் ஒதுங்குவது அநைகாந்திகம். நிறுவ வந்ததற்கு நேர் எதிரானதை நிறுவிவிடுவது விருத்தம். அசித்தத்தின் ஒரு வகை, கண்டது ஆவியா பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று கொண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவது. மார்கழி விடியலில் வயல்மேல் மூடுபனி கிடப்பதைப் பார்த்த எவருக்கும் இது விளங்கும்.

அநைகாந்திகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய தேர்வுகள் கேட்கும் குறைகளில் பெரும் பகுதி இதற்குள் அடங்குகிறது. நூல்கள் தரும் எடுத்துக்காட்டு: ஒலி அழியக்கூடியது, அறியப்படுவதால். அறியப்படுதல் அழியும் குடத்துக்கும் உண்டு; அழியாதது என்று அவர்கள் கொண்ட ஆகாயத்துக்கும் உண்டு. ஆகவே அந்தக் காரணம் எதையும் தீர்க்கவில்லை. டெல்டாவில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்தில் இதை வைத்துப் பார்க்கலாம். ‘இந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12இலேயே திறந்தாயிற்று, அதனால் குறுவை தேறிவிடும்.’ ஏது: உரிய நாளில் அணை திறந்தமை. குறுவை தேறிய ஆண்டுகளில் அந்த ஏது இருந்தது உண்மை. தேறாத ஆண்டில் இல்லாமல் இருந்ததா? 2023இல் அணை ஜூன் 12 அன்றே திறந்தது. பிறகு மேலிருந்து வரத்து குறைந்து, கடைமடையில் பயிர் கருகி, அக்டோபரில் அணையை மூட வேண்டியதாயிற்று. ஏது தேறாத பக்கத்திலும் நிற்கிறது. ஆகவே அது போலி. அணை திறப்பதால் பயனில்லை என்று இதற்குப் பொருளாகாது. அந்த ஒரு காரணம் தனியாக நின்று முடிவைத் தாங்காது என்பதே பொருள்.

இங்கே வேலை செய்தது போலியின் பெயர் அன்று, ஒரு தேடல். நிறுவ வேண்டிய தன்மை உள்ள இடங்கள் சபக்கம், அது இல்லாத இடங்கள் விபக்கம். ஏது பேசப்படும் பொருளாகிய பக்கத்தில் இருக்க வேண்டும், சபக்கத்தில் இருக்க வேண்டும், விபக்கத்தில் இருக்கவே கூடாது. திக்நாகர் இதைச் சக்கரமாகப் போட்டார். சபக்கத்தில் ஏது முழுதும் இருக்கலாம், ஓரளவு இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம்; விபக்கத்திலும் அப்படியே. கிடைக்கும் 9 கட்டங்களில் 2 மட்டுமே செல்லும். 2 விருத்தம், மீதி 5 முடிவுக்கு உதவாதவை. முப்பத்து மூன்று பெயரையும் மனப்பாடம் செய்தவரைவிட, ‘இது இல்லாத இடத்திலும் அந்தக் காரணம் உண்டா’ என்று ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவர் வாதத்தை எளிதாக எடைபோடுவார் என்பது என் எண்ணம். பட்டியல்கள் பரவிய அளவுக்கு இந்தத் தேடல் பரவவில்லை.

சாக்கோட்டையாரும் கணபதி அக்ரகாரத்தாரும்

இந்தக் காதை எப்போது எழுதப்பட்டது என்பதே ஒரு பெரிய வழக்கு. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, அங்கேயே பணியாற்றிய ரங்காசாரியரின் துணையோடு பௌத்தக் கருத்துகளைப் புரிந்துகொண்டு 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். அதன்பின், கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் பிறந்த வரலாற்றாசிரியர் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட ஆங்கில நூலில், காப்பியத்தின் தருக்கம் திக்நாகருக்கு முந்தியதாகலாம் என்று வாதிட்டார். தஞ்சை மாவட்டம் கணபதி அக்ரகாரத்தில் பிறந்து, திருவையாறு அரசர் கல்லூரியில் முதல்வராக இருந்த குப்புசாமி சாஸ்திரி இதை ஏற்கவில்லை. காப்பியம் நியாயப் பிரவேசத்தைப் பின்பற்றுகிறது என்பது அவர் கட்சி. 1932இல் அவர் எழுதிய இந்தியத் தருக்க அறிமுக நூல் இன்றும் பாடமாக இருக்கிறது.

இரண்டு நூல்களுக்கு இடையே ஒற்றுமை மிகுதி என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு பெரிதில்லை. அந்த ஒற்றுமையிலிருந்து எதைப் பெறுவது என்பதில்தான் பிணக்கு. ‘அ’ நூலும் ‘ஆ’ நூலும் ஒத்திருந்தால் ஒன்று மற்றதைப் பார்த்திருக்கலாம், இரண்டும் மூன்றாவது ஒன்றைப் பார்த்திருக்கலாம். ஒற்றுமை என்ற ஏது இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. பின்வந்த அறிஞர் பலர் குப்புசாமி சாஸ்திரியின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வெறும் ஒற்றுமை மட்டுமன்று. வரிசை, எண்ணிக்கை, எடுத்துக்காட்டு என எல்லாமே ஒத்துவரும்போது தனித்தனியே தோன்றியிருக்கும் வாய்ப்பு சுருங்குகிறது என்ற கூடுதல் வாதமே. ஐயங்காரின் கட்சி இன்று பலவீனம்தான். ஆனால் பொது மூலம் ஒன்று இருந்திருக்கலாம் என்ற வழியை வாதத்தின் வடிவம் மட்டும் அடைத்துவிடுவதில்லை.

சபை ஒழுங்கு என்ற கட்சி

அட்சபாதரின் நியாய சூத்திரம் ஏதுப் போலி ஐந்தோடு நிற்கவில்லை. சொல்லைத் திரித்து மடக்கும் சலம் 3, போலி மறுப்பாகிய சாதி 24, தோற்றதாகக் கொள்ளப்படும் நிலைகளான நிக்கிரகத்தானம் 22 என்று அடுக்குகிறது. உண்மை தேடும் வாதம், வெல்வதற்கான சற்பம், தன் கட்சி எதுவும் இல்லாமல் எதிராளியை இடிக்கும் விதண்டை என மூன்றாகப் பேச்சையே பிரிக்கிறது. கேள்விக்கு விடை சொல்லாமல் வேறொன்றைப் பேசுவது, தான் சொன்னதைத் தானே விட்டுவிடுவது போன்றவை காரணத்தின் பிழைகள் அல்ல, நடத்தையின் பிழைகள். நன்னூல் நூற்குற்றங்களில் மாறுகொளக் கூறலையும் மற்றொன்று விரித்தலையும் சேர்த்ததும் இந்த நோக்கில்தான்.

சைவ சித்தாந்தம் இதைக் கையில் எடுத்தது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் போலிகளையும் தோல்வித்தானங்களையும் சேர்த்து 65 என்று கணக்கிடுகிறார். ஐந்து நூற்றாண்டு கழித்து, விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து திருவாவடுதுறையில் துறவு கொண்ட சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். சவ்வியபிசாரம், விருத்தம், சற்பிரதிபக்கம், அசித்தம், பாதிதம் என்ற ஐந்தும் தமிழ் மாணவர்களுக்குப் பழக்கமானதில் அந்த மொழிபெயர்ப்புக்குப் பங்கு உண்டு. 1785இல் மறைந்த அவர் கண்டன நூல்களிலும் பேர் பெற்றவர். திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் ‘இலக்கண விளக்க’த்தை எதிர்த்து ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ எழுதினார். மறுப்புக்கு மறுப்பு, அதற்கும் மறுப்பு என்று கண்டன கண்டனங்கள் பெருகிய மரபு அது.

சபை ஒழுங்குக் கட்சியின் வலிமையும் பலவீனமும் சூறாவளியிலேயே தெரிகின்றன. எதிர்நூலின் இரு இடங்களை அருகருகே வைத்து முரணைக் காட்டும் கூர்மையில் முனிவருக்கு நிகர் அரிது. ஆனால் தேசிகர் 17ஆம் நூற்றாண்டவர்; மறுமொழி சொல்ல அவர் உயிரோடு இல்லை. எதிராளி இல்லாத சபையில் சபை ஒழுங்கு பாதிதான் வேலை செய்யும். இன்னொரு குறை, தோற்றவர் கட்சி பொய் என்று ஆகிவிடாது என்பது. திறமையின்றிப் பேசப்பட்ட மெய்யும் நிக்கிரகத்தானத்தில் விழலாம்.

ஐரோப்பாவில் இதே எண்ணம் வெகு பின்னால் வேறு உருவில் வந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஃபான் ஏமெரெனும் குரோட்டன்டோர்ஸ்டும் 1980களில் வளர்த்த கோட்பாட்டில் வாதப் பிழை என்பது விவாத விதி மீறல், விதிகள் பத்து. எதிராளியைப் பேசவிடாமல் தடுப்பதும் அங்கே பிழை, அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவதும் பிழை. நியாய சூத்திரம் படித்தவருக்கு இது பழகிய நிலம். ஆனாலும் எந்த விதி மீறப்பட்டது என்று தீர்ப்பவர் யார் என்ற கேள்விக்கு, சபைத் தலைவர் இல்லாத நம் காலத்தில் அந்தக் கோட்பாடு தரும் விடை மெலிந்தது.

வடிவக் கட்சியும் அதன் மேல் வந்த ஐயமும்

அரிஸ்டாட்டில் 13 போலிகள் சொன்னார். சொல்லால் வருவன 6, சொல்லுக்கு வெளியே வருவன 7. பின்வந்தவர்கள் கூட்டியும் குறைத்தும் நூற்றாண்டுகளாகப் பாடநூல் எழுதினார்கள். 1847இல் டி மார்கன், மனிதர் தவறும் வழிகளை வகைப்படுத்தி முடிக்க முடியாது என்றார். 1970இல் ஆஸ்திரேலியத் தருக்கவியலாளர் ஹாம்ப்ளின், பாடநூல்கள் பழைய பட்டியலை ஆராயாமல் ஒன்றையொன்று பார்த்து எழுதி வந்ததை அம்பலப்படுத்தினார். இந்திய மரபுக்கு ஒரு முழு இயல் ஒதுக்கிய நூல் அவருடையது.

பிழையை வாதத்தின் வடிவத்தைக் கொண்டே தீர்க்கும் வடிவக் கட்சிக்கு எதிரான கூர்மையான கேள்வியை 1981இல் ஜெரால்டு மாஸி எழுப்பினார். ஒரு வாதம் செல்லும் என்று காட்ட, அது செல்லும் வடிவம் ஒன்றின் எடுத்துக்காட்டு என்று சொன்னால் போதும். செல்லாது என்று காட்ட, அது செல்லாத வடிவம் ஒன்றின் எடுத்துக்காட்டு என்று சொன்னால் போதாது. அதே வாதம் வேறொரு செல்லும் வடிவத்துக்குள்ளும் அடங்கக்கூடும். ஆகவே வடிவம் பார்த்துப் பிழை சொல்லும் பொதுவழி நம்மிடம் இல்லை என்றார். காரணங்கள் மெய்யாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கும் நிலை ஒன்றைக் காட்டிவிட்டால் மட்டும் ஐயம் தீர்கிறது. விபக்கத் தேடலுக்கே இங்கும் வந்து சேர்கிறோம்.

மனத்தைச் சோதித்தவர்கள்

1966இல் பீட்டர் வேசன் நான்கு அட்டைச் சோதனையை அறிமுகப்படுத்தினார். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறு பக்கம் இரட்டை எண் இருக்கும்’ என்பது போன்ற விதியைச் சரிபார்க்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும் என்பது கேள்வி. படித்தவர்களிலும் பத்தில் ஒருவர் அளவே சரியாகச் சொன்னார்கள். விதியை உறுதிப்படுத்தும் அட்டையைத் திருப்பினார்கள். உடைக்கக்கூடிய அட்டையை விட்டுவிட்டார்கள். ‘மது அருந்துபவர் உரிய வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும்’ என்று அதே விதியை 1982இல் கிரிக்ஸும் காக்ஸும் மாற்றியபோது பெரும்பாலோர் தவறவில்லை. முறைப் பாசனம் நடக்கும் ஊரில் ‘முறை வராதவர் மடையைத் திறக்கக் கூடாது’ என்ற விதியைக் கொடுத்தால், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது என்றே எதிர்பார்க்கலாம்.

1983இல் எவன்ஸும் உடனாய்வாளர்களும் காட்டியது இன்னும் கவலை தருவது. செல்லாத வாதத்தின் முடிவு நம்பத்தக்கதாக இருந்தால் பத்துக்கு ஏழு முறை அதை ஏற்றுக்கொண்டார்கள். நம்ப முடியாததாக இருந்தால் பத்துக்கு ஒரு முறைதான். அதாவது முடிவு பிடித்துவிட்டால் விபக்கம் தேடுவதை மனம் நிறுத்திவிடுகிறது. தருக்கப் பாடம் படித்தால் இது மாறுமா? 1986இல் செங் முதலானோர் ஒரு பருவம் தருக்கம் படித்த கல்லூரி மாணவர்களைச் சோதித்தபோது அட்டைச் சோதனையில் தேர்ச்சி ஏறத்தாழ உயரவே இல்லை.

2011இல் மெர்சியரும் ஸ்பெர்பரும் முன்வைத்த விளக்கம் வேறு. தனியாக இருக்கும் மனிதர் தம் வாதத்தைச் சோதிப்பதில் மந்தம், பிறர் வாதத்தைச் சோதிப்பதில் கெட்டி என்பது அவர்கள் கட்சி. தனியாகத் தோற்ற அட்டைச் சோதனையில் சிறு குழுக்கள் பேசித் தேறுவது இதற்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. ஆனால் குழுவில் சரியான விடை அறிந்த ஒருவர் மற்றவர்களை இணங்கவைத்தாரா, விடையே பேச்சில் பிறந்ததா என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. பேசத் தயங்குபவர் உள்ள குழுவில், சாதியும் வயதும் யார் முதலில் பேசுவது என்று தீர்க்கும் கிராமக் கூட்டத்தில், இந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்பதும் ஐயத்துக்குரியது.

விடைத்தாள் எதை அளக்கிறது

ஒரு மாதிரிக் கேள்வி. ‘கோடையில் தூர்வாரிய வாய்க்கால்களை ஒட்டிய ஊர்களில் குறுவை விளைச்சல் கூடியது, தூர்வாராத வாய்க்கால்களை ஒட்டிய ஊர்களில் கூடவில்லை. ஆகவே எல்லா வாய்க்கால்களையும் தூர்வாரினால் டெல்டா முழுவதும் விளைச்சல் கூடும்.’ குறை எது? அ) தூர்வாரும் செலவைச் சொல்லவில்லை. ஆ) தூர்வாரிய ஊர்களில் பம்புசெட் அதிகமாக இருந்திருக்கலாம் என்பதைக் கருதவில்லை. இ) தூர்வாரும் பணியில் முறைகேடு நடந்திருக்கலாம் என்பதைச் சொல்லவில்லை. ஈ) ‘விளைச்சல்’ என்ற சொல்லை இரு பொருளில் ஆள்கிறது.

விடை ஆ. செலவு மற்றொன்று விரித்தல். சொல்லில் இருபொருள் இல்லை. பலரை இழுப்பது இ, ஏனென்றால் அது நடக்கக்கூடியது என்று ஊரே நம்பும். நம்பத்தக்கதை நோக்கிச் சாயும் மனத்தைத்தான் தேர்வு இங்கே சோதிக்கிறது; அந்த அளவில் நல்ல கேள்வி.

ஆனால் கேள்விக்குள் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. உலக அறிவை வெளியே வைத்துவிட்டு வாதத்தை மட்டும் பாருங்கள் என்று தேர்வுகள் அறிவுறுத்துகின்றன. பம்புசெட் இருந்தால் ஆற்றுநீருக்குக் காத்திராமல் நாற்று விட்டுவிடலாம் என்பது தெரியாதவருக்கு ஆ ஏன் குறை என்றே விளங்காது. தெரிந்தவருக்கு வேறு விபக்கங்களும் தோன்றும்: வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு, அங்கே பம்புசெட் கணக்கே வேறு, தலைமடையில் எடுத்தது போகத்தான் கடைமடைக்கு, அணை திறக்காத ஆண்டில் தூர்வாரிய வாய்க்காலும் வறண்டுதான் கிடக்கும். இவற்றில் எதையும் எழுத விடைத்தாளில் இடமில்லை. விபக்கத்தைத் தேடித் தந்துவிட்டது தேர்வுதான். மாணவர் செய்வது அதை அடையாளம் காண்பது மட்டும். தேடலும் அடையாளம் காணலும் ஒரே திறமைதானா என்பதை ஆராய்ச்சி இன்னும் தெளிவாகப் பிரித்துவிடவில்லை.

தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பழக்கமான ‘கூற்று – காரணம்’ வகை இன்னொரு சிக்கல். கூற்று: காவிரி டெல்டாவில் குறுவை ஜூன், ஜூலையில் தொடங்குகிறது. காரணம்: ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். இரண்டும் சரி. காரணம் கூற்றை விளக்குகிறதா? ஆம் என்று விடைக்குறிப்பு எழுதுவது எளிது. மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தது 1934இல். அதற்கு முன்பும், தென்மேற்குப் பருவமழையால் ஆற்றில் வரும் புதுநீரை நம்பிக் குறுவை நடந்தது. அப்படியானால் ஜூன் 12 குறுவைக்குக் காரணமா, குறுவை ஜூன் 12க்குக் காரணமா? இப்படி ஒரு கேள்வியில் நன்றாக யோசிப்பவரே மதிப்பெண் இழப்பார். வரலாறு, உண்மை, விளக்கம் மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைப்பது இந்த வகையின் இயல்பான குறை. அதைத் தருக்கக் கேள்வி என்று அழைப்பதே எனக்குச் சந்தேகம்.

மொழியையும் விட முடியாது. கிளாட் ஆங்கிலத்தில் மட்டும். சிசாட் தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழ்வழி படித்த மாணவர் ஒருவர் தவறும்போது, தவறியது வாதத்திலா வாக்கியத்திலா என்று மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிசாட் 2015 முதல் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்ற தகுதித் தாளாக்கப்பட்டது. சுமை அதனால் குறைந்தது. கேள்வி அப்படியே இருக்கிறது.

இரு பக்கமும் குறையில்லாதபோது

அறவண அடிகளின் பட்டியலில் அநைகாந்திகத்தின் கடைசி வகை விருத்த வியபிசாரி: ஒரே பொருள் பற்றி இரண்டு ஏதுக்கள், ஒவ்வொன்றும் தன்னளவில் செவ்வை, முடிவுகள் எதிரெதிர். தருக்க சங்கிரகத்தின் சற்பிரதிபக்கமும் ஏறத்தாழ இதுவே. எந்தப் பக்கமும் தோற்கவில்லை, ஆனால் எந்தப் பக்கமும் நிறுவவும் இல்லை. தேர்வுத் தாளில் இதற்குக் கட்டம் கிடையாது. கொடுத்த வாதத்தில் குறை இருக்கிறது என்ற உறுதியோடுதான் கேள்வி தொடங்குகிறது.

காவிரி வழக்கு இதற்குப் பொருத்தமான இடம். 1892, 1924 ஒப்பந்தங்களும் நீண்டகாலப் பாசனமும் தமிழ்நாட்டின் ஏது. பிரிட்டிஷ் ஆட்சியில் சமமற்ற நிலையில் செய்த ஒப்பந்தம், அதுவும் ஐம்பதாண்டுக் காலக்கெடு முடிந்தது, மேல்மடை மாநிலத்துக்கும் வளர உரிமை உண்டு என்பவை கர்நாடகத்தின் ஏதுக்கள். 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5இல் இறுதித் தீர்ப்பு சொல்லப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 740 டிஎம்சியில் தமிழ்நாட்டுக்கு 419 என்றது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டிய 192 டிஎம்சியை 177.25ஆகக் குறைத்தது. ஒப்பந்தங்கள் செல்லாதவை என்ற கட்சியை அது ஏற்கவில்லை. 1924 ஒப்பந்தம் ஐம்பதாண்டோடு முடிந்தது என்பதை ஏற்றது. இருவர் ஏதுவிலும் பாதி பாதி.

குறைத்த 14.75 டிஎம்சியில் 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம் டெல்டாவின் நிலத்தடி நீர். அங்கே 20 டிஎம்சி அளவு இருப்பதாக முன்பே குறிக்கப்பட்டிருந்தது. அதில் பாதியைக் கணக்கில் எடுக்கலாம் என்றது நீதிமன்றம். தமிழகத் தரப்பின் மறுப்பு, டெல்டாவின் நிலத்தடி நீர் தனியாக ஊறுவதன்று, ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் நிற்கும் காவிரி நீர் இறங்கியே சேர்கிறது என்பது. அது சரியானால் ஒரே நீரை இருமுறை எண்ணியதாகும். எந்த அளவு சரி என்பது நீரியல் அளவீட்டைப் பொறுத்தது. வாதத்தை மட்டும் வாசித்து ‘குறை இதோ’ என்று கட்டத்தைக் கருப்பாக்கிவிட முடியாது. குறை இருக்கக்கூடிய இடத்தைக் காட்டுவது வரைதான் தருக்கத்தின் எல்லை. வடிவக் கட்சியினர் அசித்தத்தை வாதப் பிழையாகவே எண்ணாமல் உண்மைப் பிழை என்று ஒதுக்குவது, இத்தகைய இடத்தில் வசதியாக இருந்தாலும் உதவியாக இல்லை.

தீராதவை

பட்டியல் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. பெயர் இருந்தால் பிழையைப் பிறருக்குச் சுட்டிக்காட்டலாம், வகுப்பில் சொல்லித்தரலாம். ஆனால் பெயர், கண்டுபிடித்த பின்புதான் கைக்கு வருகிறது, கண்டுபிடித்துத் தருவதில்லை. 13, 33, 65 என்று எண்ணிக்கை நிலைகொள்ளாமல் இருப்பதும் அதனால்தான். வடிவக் கட்சி கணக்குக்கு நெருங்கிய வாதங்களில் வலுவானது, வயலுக்கு நெருங்கிய வாதங்களில் மெலிந்தது. சபைக் கட்சி எதிராளி எதிரில் இருக்கும்வரை வலுவானது. உளவியல் ஆய்வுகள் நாம் எங்கே சறுக்குகிறோம் என்று நன்றாகக் காட்டுகின்றன. சறுக்காமல் இருக்கும் வழியில் அவை தரும் சான்று இன்னும் மெல்லியது.

தேர்வுப் பயிற்சி தேர்வுக்கு வெளியே செல்கிறதா என்பது திறந்தே கிடக்கிறது. ஆறு மாதம் குறை கண்டுபிடிக்கப் பழகிய மாணவி கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தின் ஓட்டையைக் காண்பாளா என்பது ஒரு கேள்வி. தன் கட்சிக்கு ஆதரவான தீர்மானத்தில் அதே ஓட்டையைக் காண்பாளா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. நான்கு விடையில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்வதற்குப் பதில், ஒரு விபக்கத்தை மாணவரே எழுதச் சொல்லும் தேர்வு எப்படி இருக்கும் என்பதும் சோதித்துப் பார்க்கத்தக்கது. லட்சக்கணக்கான ஓஎம்ஆர் தாள்களை இயந்திரம் திருத்தும் ஏற்பாட்டில் அது நடவாது. திருத்துபவர்களுக்குள் ஒருமை வருவதும் கடினம், ஏனென்றால் ஏற்கத்தக்க விபக்கம் எது என்பதே அவர்கள் பாசனத்தைப் பற்றி எவ்வளவு அறிவார்கள் என்பதைப் பொறுத்தது. பள்ளி, கல்லூரி வகுப்புத் தேர்வில் அந்தத் தடை சிறியது. அங்கே எழுதப் பழகியவர்கள் ஓஎம்ஆர் தேர்வில் மற்றவர்களைவிடத் தேறுகிறார்களா, இல்லையா என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.